பையில் போன மல்லிகை

அடையாறிலிருந்து தி.நகர் பஸ். முன் சீட்டில் இரண்டு நர்ஸ்கள். ஒட்டுக்கேட்பதுதான் என் முழுநேர வேலை என்று உங்களுக்கே தெரியும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்களுக்கு, மனசைத் தேற்றிக்கொள்ள ஏதோ பயிற்சியாம். அதை முடித்துவிட்டு வருகிறார்கள்.

சின்னவள் மல்லிகைப்பூவை நீட்டினாள். "இன்னிக்காவது வச்சிக்கக்கா."

"வேணாம்டி. பூ வாசனைன்னா கார்த்தி அலறிடுவான்."

"அக்கா, அவன்தான் போன மாசமே பெங்களூர் போய்ட்டானே!"

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டூட்டி முடிஞ்சா எல்லாத்தையும் அங்கயே வுட்டுட்டு வரணும்னு ட்ரெயினிங்ல மேடம் சொன்னாங்க. நானும் தலையாட்டினேன். ஆனா, அவனுக்குப் பூ ஆவாதுன்னு பெங்களூர்ல பாத்துக்கிறவங்களுக்குத் தெரியுமாடி?"



அந்தப் பையன் பஸ்ஸிலேயே இல்லை. இருந்தும் என் தலையிலிருந்த இரண்டு முழம் மல்லிகையைச் சத்தமில்லாமல் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த பயிற்சியில் எனக்கும் ஒரு நாற்காலி பிடித்துத் தர யாராலாவது முடியுமா?