அண்ணன் உயிரோடு இருக்கிறானா?

போன வாரம் கோயம்புத்தூரில் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு புத்தகக் கடை. வாசலிலேயே நின்றால் வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்க்கிறார். சரி, வாங்குகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே ஒரு சுற்று வருவோம் என்று போனேன். பின்பக்கம் ஒரு சுவர் முழுக்க மங்கா. ஜப்பான்காரர்களின் படக்கதைகள்தான், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டுமே, அவை. பளபளவென்று கண்ணாடித்தாள் சுற்றி, முதுகில் நம்பர் போட்டு அடுக்கியிருந்தார்கள். அதற்குக் கீழே பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் போர் முடிஞ்சதோட கதை செத்துப் போச்சுடி."

"நீ பாதியிலயே விட்டுட்டுப் பேசாத."

ஒரு புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, கல்யாணத்துக்கு அப்புறமும் போகவில்லை. புதுத் தாள் வாசனைதான் வந்தது. எனக்குத் தெரிந்த மங்காவுக்கு இந்த வாசனை கிடையாது. அதில் சூடான ஜெராக்ஸ் மையும், கீழ்க்கடை வாணலியில் வேகும் மசாலா சீயத்தின் எண்ணெயும் கலந்து அடிக்கும்.

காரைக்குடியில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படி ஏறினால் சாகுலின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. கீழே பலகாரக் கடை. நான் அப்போது ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தேன். முதல் வேலை. நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களின் பேரை எழுதுவதுதான் உத்தியோகம். கிளினிக் கம்ப்யூட்டர் கெட்டுப்போய் அதைச் சரிசெய்யப் போன இடத்தில்தான் சாகுலின் திரையில் அந்தப் படங்களைப் பார்த்தேன். "என்ன தம்பி, கார்ட்டூனா?" என்று கேட்டுவிட்டேன். அரை மணி நேரம் பாடம் எடுத்தான்.

முதல் கதையை நான் இடமிருந்து வலமாகத்தான் படித்தேன். செத்துக் கிடந்தவன் எழுந்து சண்டை போட்டு, சாப்பிட்டுவிட்டு, கடைசியில் அம்மாவிடம் போய்த் தூங்கினான். அடடா, என்ன தத்துவம் என்று மலைத்துப் போனேன். சாகுலிடம் போய்ச் சொன்னபோது அவன் சிரித்ததில் ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. "எங்களுக்கு ஓதுற பள்ளியிலயே அரபிய வலதுலருந்து படிச்சுப் பழக்கம்க்கா. ஒங்களுக்குத்தான் கஷ்டம்" என்றான்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கிளினிக்கை மூடுவார்கள். நாலே காலுக்கு நான் மாடியில் இருப்பேன். எனக்கு முன்னாலேயே மீனாள் வந்திருப்பாள். நகரத்தார் வீட்டுப் பெண், ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் டீச்சர். அவளுக்குத் திரையில் பார்த்தால் போதாது, தாளில் வேண்டும். அவளுக்காகவே சாகுல் வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் அச்சடித்துத் தருவான். முன்பக்கம் யாரோ ஒருவரின் பட்டா நகல் இருக்கும், பின்பக்கம் கத்தியும் ரத்தமும். நாலாவது ஆள் துரை. சிங்கம்புணரிக்காரன். ஆத்தங்குடி டைல்ஸ் விற்கும் ஷோரூமில் வேலை. தினமும் பஸ்ஸில் வந்து போவான். கையில் எப்போதும் ஒரு டிபன் பாக்ஸ் பை.

கதாபாத்திரங்களின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. அதனால் மொட்டை, கொண்டை, பல்லன் என்று நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். இந்தச் சனிக்கிழமை யார் என்ன படிக்கிறார்கள் என்பதில் ஆரம்பிக்கும். நான் ஒரு சமையல் மங்கா படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் நூடுல்ஸ் கடை வைக்கிறாள், அவ்வளவுதான் கதை. நூற்றிப்பத்து அத்தியாயம் ஆகியும் அவளுக்கு இன்னும் சூப் சரியாக வரவில்லை. "அக்கா, அந்தத் தண்ணி கொதிச்சிருச்சா?" என்று துரை வாராவாரம் கேட்பான். கொதித்திருக்காது.

ஆனால் நாலு பேரும் சேர்ந்து படித்த கதை ஒன்று உண்டு. நாங்கள் அதைப் படகுக்காரன் என்போம். காணாமல் போன அண்ணனைத் தேடித் தம்பி ஒரு சின்னப் படகில் தீவு தீவாகப் போகிறான். ஒரு துறைமுகம் தீப்பிடித்து எரிகிறது. அண்ணன் பாறையிலிருந்து கடலில் விழுகிறான். கடைசி இரண்டு கட்டங்களிலும் தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிகிறது. அதோடு வரைகிறவருக்கு உடம்பு சரியில்லை என்று கதையைப் பல வாரம் நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கையை வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமில்லை. "உடம்பக் காட்டாத வரைக்கும் ஒருத்தனும் சாகல" என்பது சாகுலின் சட்டம். மீனாள் ஒப்புக்கொள்ள மாட்டாள். "இந்த மனுசன் உயிரோட இருக்கறவங்களச் சுத்தி மெல்லிசா ஒரு வெள்ளைக்கோடு விடுவாரு. மொதல் பாகத்துலருந்து பாரு. இந்தக் கையைச் சுத்தி அது இல்ல. செத்துட்டான்." துரை, "இருக்கான்" என்பான். காரணம் கேட்டால் இன்னொரு தரம் "இருக்கான்" என்பான். நான் நடுவர். நடுவர் என்றால் சீயம் வாங்கி வருகிறவர்.

ஒருவழியாகக் கதை மறுபடி ஆரம்பித்தது. அந்தச் சனிக்கிழமை வந்த அத்தியாயத்தில் தம்பி, அண்ணனின் தொப்பியைக் கடலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் துடுப்புப் போடுகிறான். மீனாள் தாளை மேஜையில் வைத்துத் தட்டினாள்.

"தம்பியே ஏத்துக்கிட்டான். நீ ஏன் துரை ஏத்துக்க மாட்டேங்கிற? செத்தவனையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்க."

துரை டிபன் பாக்ஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "வாரேன்க்கா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

"இதுக்குப் போயி என்ன கோவம்?" என்றாள் மீனாள்.

சாகுல் மானிட்டரை அணைத்தான். அப்புறம் சொன்னான். "அவன் இங்குட்டு வந்ததும் மொதல்ல மெயிலத் திறந்து பாக்குறானே, எதுக்குன்னு நெனச்ச? அவுக அண்ணன் மலேசியாவுக்கு வேலைக்குப் போயி ஒன்றரை வருசமா ஒரு தகவலும் இல்ல. யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருந்தான்."

மீனாளின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. உடனே போன் போட்டாள். கிடைக்கவில்லை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. "ஆறு மணி வண்டியில ஏறியிருப்பான். ஊரு போய்ச் சேந்ததும் பேசிக்கிறலாம்" என்று நான் சமாதானம் சொன்னேன்.

ஏழு மணி இருக்கும். லேப்டாப்பை வாங்க வந்த ஒரு பெரியவர் படி ஏறி வந்ததும் வராததுமாய்ச் சொன்னார்: "கேட்டீகளா? மானகிரி தாண்டி சிங்கம்புணரி வண்டி கவுந்துருச்சாம். டயர் வெடிச்சுக் கம்மாய்க்குள்ள எறங்கிருச்சுங்கறாக."

சாகுல் கடையைப் பூட்டக்கூட இல்லை. அந்தப் பெரியவரையே உட்காரவைத்துவிட்டு ஓடினோம். அவன் பைக்கில் முன்னால், மீனாளின் ஸ்கூட்டியில் நாங்கள் இருவரும் பின்னால். அவள் ஓட்டிய ஓட்டத்தில் நானும் ஒரு விபத்தாகிவிடுவேன் என்று பயந்தேன். வழியெல்லாம் அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "செத்தவனப் பிடிச்சுத் தொங்குறன்னு சொல்லிட்டேனேக்கா."

வண்டி கண்மாய்ச் சரிவில் ஒருக்களித்துக் கிடந்தது. நல்லவேளை, கண்மாயில் தண்ணீர் இல்லை. கரையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். உயிர்ச்சேதம் இல்லை என்றார்கள், ஆனால் அடிபட்டவர்களை மானகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். துரையின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்டோம். ஒருத்தர் பார்த்தேன் என்றார், ஒருத்தர் பார்க்கவில்லை என்றார். சாகுல் செல்போன் வெளிச்சத்தில் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். உள்ளே ஒரு டிபன் பாக்ஸ் கிடந்ததாகச் சொன்னான். யாருடையதோ! சிவகங்கைச் சீமையில் டிபன் பாக்ஸ் இல்லாமல் பஸ் ஏறுகிறவர் உண்டா? அது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பேர் எழுதிக்கொண்டிருந்தார். "யாரத் தேடி வந்தீக?" சொன்னோம். பட்டியலில் விரலை ஓட்டினார். "அந்தப் பேர்ல இல்ல. ஆனா ஒருத்தரு பேர் சொல்லுற நெலமையில இல்ல. தலையில அடி. யாராச்சும் ஒருத்தர் வந்து பாருங்க."

சாகுலுக்கு ரத்தம் ஆகாது. மீனாள் சுவரோடு சுவராக நின்றாள். நான் போனேன். அத்தனை நாள் பல் டாக்டரிடம் ரத்தம் பார்த்தது இதற்குத்தான் போலிருக்கிறது. திரையை விலக்கினார்கள். ஐம்பது வயதுக்காரர், நரைத்த மீசை. எனக்கு அப்படியொரு மூச்சு வந்தது. அந்த மூச்சு வந்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது. அவர் அதற்குள் கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டார். நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து தலையை ஆட்டினேன். துரை இல்லை என்பதற்குத்தான் ஆட்டினேன். மீனாள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவன் இல்லடி, வேற ஆளு" என்று கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, துரையின் வீட்டு நம்பருக்குப் பேசுவோம், கடையில் எழுதி வைத்திருக்கிறேன் என்று சாகுல் சொல்ல, திரும்பினோம். மானகிரி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. ட்யூப்லைட்டுக்குக் கீழே பெஞ்சில், குனிந்த தலையோடு ஒருத்தன் போனை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மீனாள் போட்ட பிரேக்கில் நான் அவள் முதுகில் முட்டினேன்.

துரை நிமிர்ந்தான். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை. போனை மீனாளிடம் நீட்டினான்.

"இங்க பாரு. மொதக் கட்டத்துல விரல் மடங்கியிருக்கு. இதுல நீண்டிருக்கு. செத்தவன் விரல நீட்டுவானா?"

பஸ்ஸில் நெருக்கடியாம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியவில்லையாம். அதனால் மானகிரியில் இறங்கிவிட்டான், அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாம் என்று. அது வந்ததா போனதா என்றுகூடப் பார்க்கவில்லை. மீனாள் கூப்பிட்டால் பேசக்கூடாது என்று போனை ஃப்ளைட் மோடில் போட்டிருக்கிறான். ஆம்புலன்ஸ் போனதைப் பார்த்தானாம், ஏதோ பிரசவ கேஸ் என்று நினைத்தானாம்.

மீனாள் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். அப்புறம் அழுதாள். விஷயத்தைச் சாகுல் சொன்னதும் துரை ஃப்ளைட் மோடை எடுத்தான். முதல் வேலையாக அவன் அம்மாவுக்குப் பேசினான். "ஒண்ணுமில்லம்மா, நான் அந்த வண்டியில இல்ல. இல்லம்மா, நெசமாத்தான்." அந்தப் பக்கம் அழுகை இங்கே கேட்டது. நான் டீ சொன்னேன். எத்தனை என்று கேட்ட கடைக்காரரிடம் நாலு என்பதற்குப் பதில் ஆறு என்று சொல்லி, ஆறையும் நாங்களே குடித்தோம். அவ்வளவு ருசியான டீயை நான் அப்புறம் குடித்ததில்லை. உண்மையில் அது ஆறிப்போன, சர்க்கரை கூடிப்போன டீ.

மங்காதான் அவனைக் காப்பாற்றியது என்று சாகுல் கொஞ்ச நாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வண்டியில் போன மற்றவர்களும்தான் வீடு திரும்பினார்கள். தண்ணீர் கேட்ட மனிதர்கூட ஒரு வாரத்தில் நடந்து போனார் என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் அதற்கப்புறம் எங்கள் சண்டைக்கு ஒரு கெடுதல் வந்தது. மீனாள் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள். "சரி, படகுக்காரனோட அண்ணன் உயிரோடதான் இருக்கான்" என்பாள். துரைக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா, இவளப் பாவம் பாத்துப் பேச வேணாமின்னு சொல்லுங்க. நீங்களும்தான், பாவம் பாக்காதீக" என்பான்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், ஷோரூம் நம்பருக்கு மலேசியாவிலிருந்து போன் வந்தது. சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். ஊரில் என்ன சொல்வது என்ற வெட்கத்தில் அண்ணன் பேசாமலே இருந்துவிட்டான். இப்போது தூதரகத்தில் உதவி கேட்டிருப்பதாகவும் சீக்கிரம் வந்துவிடுவதாகவும் சொன்னான். துரை ஷோரூமிலிருந்து நேரே கிளினிக்குக்கு ஓடி வந்து, பல்வலிக்காரர்கள் எல்லாரும் பார்க்க, "அக்கா, இருக்கான்க்கா!" என்று கத்தினான். டாக்டர் உள்ளேயிருந்து கையுறையோடு எட்டிப் பார்த்தார்.

அடுத்த வருஷம் படகுக்காரன் முடிந்தது. அண்ணன் செத்துத்தான் போயிருந்தான். மீனாள் சொன்ன வெள்ளைக்கோட்டுக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. நாங்கள் மூவரும் துரையின் முகத்தையே பார்த்தோம். அவன் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத் தாளை மடித்தான்.

"செத்தா சாகட்டும்க்கா. கதைதானே" என்றான்.

ஊர் திரும்பிய அண்ணனோடு சேர்ந்து அவன் சிங்கம்புணரியிலேயே தரை போடும் தொழிலுக்குப் போய்விட்டான். மீனாள் கல்யாணமாகிச் சென்னை போனாள். சாகுல் மாடியைக் காலி செய்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். இப்போது நால்வரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். புது அத்தியாயம் வந்த நிமிஷமே அவரவர் போனில் அவரவர் படித்துவிடுகிறார்கள். யாராவது "செம" என்று போடுவார்கள். மற்ற மூவரும் ஒரு கட்டைவிரலை உயர்த்துவோம். ஒரு படத்தில் இருக்கும் கைக்காக ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு, பேசாமல் படியிறங்கிப் போக இப்போது யாரும் இல்லை. இல்லாமல் போனால் போகட்டும். எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டோம்.