குரோம்பேட்டைக்கு முன்பே முடிந்துவிடும் பாடம்

காலை மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஒரு சட்டம் இருந்தது. தாம்பரத்தில் வண்டி நகர்ந்ததும் பேச்சு ‘ஐ’யில்தான் தொடங்க வேண்டும். சானடோரியத்தில் ‘வீ’. குரோம்பேட்டையில் ‘யூ’, பல்லாவரத்தில் ‘ஹீ’, மீனம்பாக்கத்தில் ‘ஷீ’, பழவந்தாங்கலில் ‘இட்’, பரங்கிமலையில் ‘தே’. கிண்டியில் ஏறுகிற கூட்டத்தில் மூச்சு விடவே இடம் இருக்காது. பாடம் அதோடு சரி.

சட்டம் போட்டவர் ரத்தினபாய். எழும்பூரில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் ஸ்டெனோ. இந்தி வேண்டாம் என்று ஊரே தெருவுக்கு வந்து ஓய்ந்த பிறகு, “அப்ப இங்கிலீஷாவது ஒழுங்கா பேசுங்களேம்மா” என்று ஆரம்பித்து வைத்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குடைக்காம்பால் பெட்டியின் தரையை ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால் ஆள் மாறும். ஆள் மாறினால் வினையும் மாறும். “ஹீ, ஷீ, இட் வந்தா வினைக்கு ‘எஸ்’னு ஒரு வால் முளைக்கும். மத்ததுக்கெல்லாம் மொட்டை” என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த இலக்கணம் முழுவதும்.

அறுபத்தெட்டில் அந்தப் பெட்டியின் முதல் மாணவி யார் என்று கேட்டால், எல்லாரும் தையல்நாயகியைத்தான் காட்டியிருப்பார்கள். அஸ்தினாபுரத்துப் பெண். அப்பா ஏரிக்குக் கீழே நெல் போட்டுக்கொண்டிருந்தார். நிலம் மனைகளான பிறகு செங்கல், ஜல்லி வியாபாரம். இவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, பாரிமுனையில் ஒரு மருந்துக் கம்பெனி கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நிற்க வேண்டும். மூக்கெல்லாம் வைக்கோல் தூசி.

ரயிலில் அவள் நாக்குக்கு ஈடு கிடையாது. பல்லாவரத்தில் ஏறும் டைப்பிஸ்ட் பேபியின் முதலாளியைப் பற்றி, “ஹீ ஸ்லீப்ஸ் இன் தி ஆபீஸ். ஹீ ஈட்ஸ் யுவர் பிஸ்கட்” என்பாள். பெட்டி அதிரும். பழவந்தாங்கலில் தலைக்கு மேல் விமானம் இரைந்தால், “இட் ஃப்ளைஸ், பேபி சிட்ஸ்!” வால் ஒன்றுகூடத் தப்பாது.

அந்த நேரத்தில்தான் கம்பெனியில் டெலிபோன் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போனாள். நாற்காலி காலி. வெள்ளிக்கிழமை மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் நேரிலேயே ஆள் எடுக்கிறார், பேச்சு முழுக்க இங்கிலீஷில். தையல்நாயகி மனு போட்டுவிட்டாள். உட்கார்ந்து, பேசிச் சம்பளம் வாங்கும் வேலை. பேச்சுதான் தனக்கு வருமே!

புதன்கிழமை பெட்டியில் ஒத்திகை. அன்று மட்டும் சட்டத்துக்கு விடுமுறை. பேபி மூக்குக்கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கி மேனேஜராகிவிட்டாள்.

“யெஸ். வாட் டு யூ டூ?”

“ஷீ பேக்ஸ் மெடிசின்ஸ்” என்றாள் தையல்நாயகி, பளிச்சென்று.

“யாருடி அவ?”

“நான்தான்.”

“அப்ப நடுவுல அவ இன்னாத்துக்கு வர்றா? உன்ன உன் வாயால சொல்லு.”

“ஐ...” தையல்நாயகி நிறுத்தினாள். “ஐ பேக்ஸ்...” அதுவும் இடித்தது. “ஐ இஸ்...”

சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே அடங்கியது. ரத்தினபாய்தான் முதலில் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

“நீ எங்கம்மா ஏர்றே?”

“குரோம்பேட்டைலதான் அக்கா.”

ரத்தினபாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயும் வீயும் அதுக்கு முன்னாலயே முடிஞ்சு போகுதே! ஊர்ல கீற அத்தன பேரப் பத்தியும் பேசுது இந்தப் பொண்ணு. தன்னப் பத்திப் பேச இதுவரைக்கும் ஒரு ஸ்டேஷன்கூடக் கிடைக்கல!”

“நாளைக்கு ஐய பல்லாவரத்துல வெச்சுடுங்க அக்கா, பாவம்” என்றது ஒரு குரல்.

“ஆங், என் ஹீய நான் வுட்டுக் குடுக்க மாட்டேன். எங்க முதலாளிய வேற எங்க திட்றது?” என்றாள் பேபி.

“யாரும் எதையும் மாத்த வேணாம். நானே தாம்பரம் வந்து ஏர்றேன்” என்றாள் தையல்நாயகி.

பாரிமுனை வேலைக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் போக வேண்டியவள், மறுநாள் விடிந்ததும் எதிர்ப்பக்கம் போகும் வண்டியில் தாம்பரத்துக்கு டிக்கெட் வாங்கி ஏறினாள். இடம் பிடிக்க அப்படிப் பின்னால் போகிறவர்கள் உண்டு. ‘ஐ’ பிடிக்கப் போனவள் இவள் ஒருத்திதான். தாம்பரத்தில் ரத்தினபாய் ஜன்னலோரத்தை ஒதுக்கிக் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. “ஐ கோ. ஐ பேக். ஐ டாக்” என்று வால் அறுத்து அறுத்துப் பேசினாள். முதலில் கூச்சமாக இருந்தது. யார் வீட்டுச் சொத்தையோ எடுத்துப் புழங்குவதுபோல. சானடோரியம் வருவதற்குள் கூச்சம் விட்டுப்போயிற்று. வெள்ளிக்கிழமை காலையும் அப்படியே.

மேனேஜர் அறையில் மின்விசிறி கடகடத்தது. ஸ்ரீநிவாசராகவன் மனுவிலிருந்து தலை நிமிராமலே, “டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்” என்றார்.

“ஷீ...” என்று வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்தார். தையல்நாயகி செருப்பு நுனியால் தரையை ஒரு தட்டுத் தட்டினாள். குடைக்காம்பு தட்டுமே, அந்த மாதிரி.

“ஐ லிவ் இன் அஸ்தினாபுரம். ஐ வாக் டு குரோம்பேட். ஐ கோ டு தாம்பரம். ஐ கம் டு பீச்.”

“தாம்பரம்? தட் இஸ் தி ராங் சைட்! வொய்?”

இதற்கு ஒத்திகை இல்லை. தையல்நாயகி மூச்சை இழுத்துவிட்டு, தாம்பரத்திலிருந்து ஸ்டேஷன் ஸ்டேஷனாக இங்கிலீஷிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். எந்த இடத்தில் யார், எங்கே வால், எங்கே மொட்டை, தான் எங்கே ஏறினாள், எது விட்டுப்போனது. இரண்டு இடத்தில் வால் தப்பாக முளைத்தது; அவளே பிடித்து அறுத்தாள். ஸ்ரீநிவாசராகவன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கிண்டி வந்தபோது சிரித்துவிட்டார்.

“நான் மாம்பலத்துல ஏர்றேம்மா. எனக்குன்னு அங்க ஏதாவது இருக்கா?” என்றார், தமிழுக்கு இறங்கி.

“இல்ல சார். மாம்பலத்துக்குள்ள பாடம் முடிஞ்சுடும். நீங்களும் தாம்பரம்தான் வரணும்.”

அவர் பக்கத்து அறையைக் காட்டினார். “திங்கட்கிழமை போர்டுல உக்காரு. ஒரு மாசம் பாக்கறேன்.”

அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு கிடங்குக்கு அவள் திரும்பவில்லை. எழுபதுகளில் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தவர்களுக்கு முதலில் கேட்டது தையல்நாயகியின் குரல்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் செய்த முதல் காரியம், ஸ்டேஷன் கவுன்டரில் சீசன் டிக்கெட்டைத் தாம்பரத்துக்கு மாற்றியது.

“அட்ரஸ் அஸ்தினாபுரம்னு கீது. குரோம்பேட்டைல ஏறாம தாம்பரத்துக்கு இன்னாத்துக்கும்மா சீசன்?” என்றார் கவுன்டர்காரர். “சீட்டு புடிக்கவா?”

“அதுக்குந்தான்” என்றாள்.

திங்கட்கிழமை தாம்பரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. வண்டி நகரட்டும் என்று காத்திருந்தார்கள். நகர்ந்தது.

“ஐ சிட்” என்றாள் தையல்நாயகி. “ஐ டாக். ஐ டோன்ட் பேக்.”

சானடோரியம் வந்ததும் ரத்தினபாய் குடையைத் தட்ட மறந்துபோனார். பல்லாவரத்தில் மூச்சிரைக்க ஏறிய பேபி, கம்பியைப் பிடிப்பதற்கு முன்பே கத்தினாள்: “இன்னாச்சு தையலு?”

பல்லாவரத்துக்கு என்ன சட்டமோ அதன்படியே பதில் வந்தது.

“ஹீ கிவ்ஸ் மீ தி சேர்.”