ஷாப் தண்ணி என்றேன்

ஒரு பெண்மணியின் நிலம் கைவிட்டுப் போக நான் காரணமாக இருந்தேன். சரியாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டதாகச் சொன்னேன். நான் செய்தது அதுதான்.

அறுபதுகளின் பின்பாதி. எனக்கு ஆம்பூர்ப் பக்கம் வேளாண்மைத் துறையில் வேலை, குடியிருந்தது வேலூரில். பாலாற்றை ஒட்டிய வயல்களில் நெல் மஞ்சளித்தால் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றே: ஷாப் தண்ணி. தோல் பதனிடும் இடத்தை அங்கே ஷாப் என்பார்கள். உப்பும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டைச் சாறும் கலந்து அங்கிருந்து கால்வாயில் இறங்கும் தண்ணீர் பல வயல்களைக் கெடுத்திருந்தது. அதனால் வேறு காரணம் உண்டா என்று யாரும் யோசிப்பதில்லை.

நான் யோசித்திருக்க வேண்டும். நெல்லில் துங்ரோ என்ற வைரஸ் நோய் பரவுவதைப் பற்றி எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பச்சைத் தத்துப்பூச்சி அதைச் செடிக்குச் செடி கொண்டு போகும். பயிர் குட்டையாக நின்றுவிடும்; இலை நுனியிலிருந்து ஆரஞ்சு நிறமாகப் பழுக்கும். வெயில் ஏறுமுன் இலையைப் பறித்து, வெட்டிய முனையை அயோடினில் நனைத்தால் நோயுற்ற இலை கறுக்கும். அயோடின் புட்டி என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

அந்த அம்மாள் கைம்பெண். ஷாப்புக்குக் கீழே ஒரே ஒரு வயல். கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். ஷாப்காரர்கள் தோல் காயவைக்க அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணியால கெட்டுதுன்னா வித்துர்றேன் சார். நோவுன்னா அடுத்த போகம் பாத்துக்கலாம். நீங்க சொல்றதுதான்," என்றாள்.

"இன்னாத்த சொல்லப் போறாரு? ஊருக்கே தெரியுது, இவங்களுக்கு மட்டும் தெரியல," என்றான் கொழுந்தன். அவனுக்கு விற்றுவிட்டால் நிம்மதி.

விடியலில் அங்கே இருக்க வேண்டுமானால் முந்தின நாளே போய்த் தங்க வேண்டும். நான் அலுத்துப்போயிருந்தேன். மத்தியான பஸ்ஸில் போனேன். காலில் புதுச் செருப்பு. சேற்றில் இறங்காமல் வரப்பிலிருந்தே பார்த்தேன். உப்புத் தண்ணீர் என்றால் மடை வாயில்தான் முதலில் கருகும். இங்கே மடையருகே பயிர் பச்சையாக இருந்தது. வயல் நடுவில்தான் திட்டுத் திட்டாக மஞ்சள். அது கண்ணில் பட்டது. பட்டும், "ஷாப் தண்ணிதாம்மா," என்றேன்.

"சொன்னேன் இல்ல?" என்றான் கொழுந்தன். அந்த மாதமே அவள் நிலத்தை ஷாப்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பிறகு, ஷாப் தண்ணீர் எட்டவே எட்டாத மேட்டு நிலத்தில், கிணற்றுப் பாசனப் பயிரில் அதே மஞ்சளைப் பார்த்தேன். அன்று இறங்கினேன். கால் பட்டதும் தத்துப்பூச்சிகள் கிளம்பி முழங்காலில் மோதின. அன்றிரவு அங்கேயே தங்கி விடியலில் இலை பறித்து, இந்த முறை கூடவே கொண்டுபோயிருந்த அயோடினில் நனைத்தேன். கறுத்தது. அந்த அம்மாளின் வயலில் நான் பார்த்த திட்டுகளும் இப்படித்தான் இருந்தன. நெல் தாளை மடக்கி உழுது வேறு ரகம் போட்டிருந்தால் அவள் அடுத்த போகம் அறுத்திருப்பாள்.

நேராக ஷாப்புக்குப் போய் நிலத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன். மேனேஜர் சிரித்துவிட்டார்.

"இன்னா சார், எங்க தண்ணி கெடுத்துச்சுன்னீங்க. இப்ப பூச்சின்றீங்க. மொதலாளி கைல நான் எத சொல்றது? வந்து பாருங்க, உப்புத் தோல் காயுது. இனிமே அங்க புல்லு கூட மொளைக்காது."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

கிணறுள்ள நிலம் ஒன்றை அவளுக்குக் குத்தகைக்குப் பேசி முடித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் இல்லை, நோய்தான். நான் வயலில் இறங்கவே இல்லை. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தண்ணி கெட்டுப்போச்சு, வேற வழியில்லனு தூங்கினு இருந்தேன் சார். இத எதுக்கு வந்து சொன்னீங்க?"

குத்தகை நிலத்தைப் பற்றிச் சொன்னேன்.

"இன்னொருத்தர் நெலத்துல எறங்குற வயசா எனக்கு? நீங்க கெளம்புங்க, பஸ்ஸு போய்டும்."

ஊர்க்காரர்கள் சிலரை அவளிடம் பேசச் சொன்னேன். அவர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். கொழுந்தன் மட்டும் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து, அந்தக் குத்தகை நிலம் இன்னும் இருக்கிறதா, தனக்குக் கிடைக்குமா என்று கேட்டான். நிலக்காரரிடம் அவனுக்கே கொடுக்கச் சொன்னேன். அவன் அதில் மூன்று போகம் நன்றாக விளைவித்தான். அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை என்று அவனே சொன்னான்.