நன்றிப் பக்கம்

அருள்செல்விக்கு அருவருப்பு சீக்கிரம் வந்துவிடும். பஸ் சீட்டைத் துடைக்காமல் உட்கார மாட்டாள். ஹோட்டல் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாய் வைக்க மாட்டாள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தைச் சத்தம் போட்டு உறிஞ்சினால் அதோடு இவள் சாப்பாடு முடிந்தது. "ஏட்டி, எதத் தொட்டாலும் ச்சீங்க. ஒன்னயக் கட்டிக்கிட்டுப் போறவன் என்ன பாடு படப் போறானோ" என்று அம்மா பரிபூரணம் தலையில் அடித்துக்கொள்வாள். "அதான் ஒருத்தனும் வரலையே, நிம்மதியா இருங்க" என்பாள் இவள்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையம். எம்.சி.ஏ. முடித்துச் சென்னைக்குப் போனவள்தான். ஆறு பேருக்கு ஒரு குளியலறை இருந்த லேடீஸ் ஹாஸ்டலில் தாக்குப்பிடிக்க முடியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். தென்காசி ரோட்டில் டயர் கடைக்கு மேலே பெனின் என்பவன் வைத்திருக்கும் சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். மில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பதுதான் தொழில். அங்கே ஒரு ஏசி உண்டு. அது சொட்டுகிற வாளியைத் தினமும் ஊற்றிக் கழுவி வைப்பது அருள்செல்வி மட்டும்தான். மற்றவர்களுக்கு அந்தச் சொரணை கிடையாது.

ஜாவா சர்வரில் எந்த முகவரி எங்கே போக வேண்டும் என்று எழுதி வைப்பது அவள் வேலை. மேப்பிங் என்பார்கள். ஒருவர் போனில் ஒரு முகவரியைத் திறக்கிறார். சர்வர் தன்னிடம் உள்ள ஒரு ஃபைலைப் பார்க்கிறது. இந்த முகவரிக்கு எந்த புரோகிராம் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும், அங்கே அனுப்பிவிடும். வந்தவருக்குத் தெரிவது முகவரி மட்டும்தான். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மற்றவர்கள் எழுதும் முகவரிகள் வாலும் தலையுமாக நீண்டு, கேள்விக்குறியும் நம்பருமாக இழுத்துக்கொண்டு கிடக்கும். பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். அவள் எழுதினால் ஒரே வார்த்தை, படிக்கிற மாதிரி.

அப்படி அவள் எழுதியதுதான் 'புகார்'. ராஜபாளையத்துக்கு வெளியே உள்ள ஒரு நூல்மில்லுக்காகச் செய்தது. அங்கே நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, வேலை பார்க்கிற பெண்கள் தங்கள் போனிலிருந்தே புகார் சொல்ல வழி இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தது. அந்தப் பெண்கள் தங்கும் மில் ஹாஸ்டல் சுவரில் ஒரு ஸ்டிக்கர். அதை ஸ்கேன் செய்தால் ஃபார்ம் வரும். எழுதி அனுப்பினால் அருள்செல்வியின் புரோகிராம் அதைச் சேமிக்கும், மில்லின் ஹெச்.ஆர். மேனேஜர் உக்கிரபாண்டிக்கு மெயில் போடும். கடைசியில், 'நன்றி. உங்கள் புகார் பதிவாகிவிட்டது' என்று ஒரு பக்கம் வரும். அதைச் செய்து முடித்த அன்று அவளுக்கே அவள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அப்புறம் மாதங்கள் ஓடிவிட்டன. ஒரு நாள் பெனின் கூப்பிட்டான். "அருளு, நாளைக்கி மில்லுக்கு அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஆளு சோதனைக்கு வாராராம். நீ செத்த போயி ஸ்டிக்கர் ஸ்கேன் ஆகுதான்னு மட்டும் பாத்துட்டு வந்துரு."

போனாள். ஸ்கேன் ஆனது. வெயிலில் வந்திருக்கிறாளே என்று ஹாஸ்டலில் இருந்த ஒரு பெண் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அருள்செல்வி வழக்கம்போல் தூக்கிப் பார்ப்பதற்குள்ளேயே நாற்றம் மூக்கில் ஏறியது. செத்த வாடை. டம்ளரைத் தூர நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"குடிச்சிராதீங்கக்கா. மோந்து பாக்கத்தான் குடுத்தேன்" என்றாள் அந்தப் பெண். பெயர் முனீஸ்வரி, கூமாப்பட்டிக்காரி. "மேல தொட்டிக்கு மூடி கெடையாது. புறா விழுந்து அழுகிக் கெடக்கு. நாங்க துணியில வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கோம். ரெண்டு பிள்ளைக மஞ்சக்காமாலை வந்து ஊருக்குப் போயிருச்சுக."

"அட கண்றாவியே! புகார் போட வேண்டியதுதான?"

"போடாம? அம்புட்டுப் பேரும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். நன்றி நன்றின்னு வருது. அந்த நன்றிய வச்சு நாக்கு வழிக்கவா?"

அருள்செல்விக்குச் சுருக்கென்றது. "அத எழுதுனதே நாந்தான். கண்டிப்பாப் போய்ச் சேந்துருக்கும். நான் பாத்துச் சொல்லுதேன்" என்று அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆபீஸில் திறந்து பார்த்தால் ஒரு புகாரும் இல்லை. ஆரம்பத்தில் அவளே போட்டுப் பார்த்த 'டெஸ்ட்' மட்டும் அநாதையாகக் கிடந்தது. சர்வர் ஃபைலைத் திறந்தாள். 'புகார்' என்ற முகவரி அங்கேயே இருந்தது. அதற்கு எதிரே அவளுடைய புரோகிராமின் பெயர் இல்லை. அந்த இடத்தில் நன்றிப் பக்கத்தின் பெயர் இருந்தது. யார் என்ன எழுதி அனுப்பினாலும் நேரே நன்றிக்குப் போகும். எங்கேயும் சேராது. யாரும் படிக்க மாட்டார்கள். அவளுடைய புரோகிராம் வருகிற வழியே இல்லாமல் சும்மா கிடந்தது. பக்கம் இல்லை என்று எர்ரர் வந்திருந்தாலாவது அந்தப் பெண்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள். கூசாமல் கும்பிடு போட்டு அனுப்பியிருக்கிறது இந்தப் பக்கம்!

"அண்ணே, இத மாத்துனது யாரு?"

பெனின் எட்டிப் பார்த்தான். "நாந்தான். மெயிலா வந்து குவியுமேன்னு உக்கிரபாண்டி சார் ஆரம்பத்துலயே சடச்சுக்கிட்டாரு. தம்பி, பக்கம் இருக்கணும், ஆனா ஒண்ணும் வரக் கூடாதுன்னாரு. ஒரே வரிதான் மாத்துனேன். எர்ரர் கிர்ரர் ஏதாச்சும் வருதா பாரு, ஒண்ணும் வராது."

அவன் குரலில் பெருமை இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கணீரென்று வேதபாடம் வாசிக்கிற அதே வாய்.

"பிள்ளைக பொணத் தண்ணி குடிக்குதுகண்ணே."

"ஏன் இப்படிப் பேசுத? அது அவிய மில்லு, அவிய தண்ணி. நமக்கென்ன?"

த்தூ என்று துப்பியிருப்பாள், ஆபீஸ் தரையை அசிங்கப்படுத்த மனசு வராததால் விழுங்கிக்கொண்டாள். அவன் சாப்பிடப் போனதும் அந்த வரியைப் பழையபடி மாற்றினாள். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். பிறகு முனீஸ்வரிக்குப் போன் போட்டாள்.

"இப்பப் போடு முனீஸ்வரி. தொட்டியப் பத்தி எல்லாத்தையும் எழுது. இந்தத் தடவ போய்ச் சேரும்."

"நெசமாவாக்கா? மத்த பிள்ளைகல்லாம் சலிச்சுப் போயிட்டாளுக."

"நீ போடு. என்னய நம்பு."

சற்று நேரத்தில் புகார் வந்து விழுந்தது. எழுத்துப் பிழையோடு, புறா, புழு, காமாலை எல்லாம் இருந்தது. அருள்செல்வி அதை இரண்டு முறை படித்தாள். அன்றைக்குத்தான் அவள் வேலைக்கு ஓர் அர்த்தம் இருப்பதாகத் தோன்றியது.

மறுநாள் புகார்களைத் திறந்து காட்டுவதற்காக மில்லில் அவளும் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் வந்த சதீஷ் என்பவர் கூடவே கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டு, "புகார் ஏதாவது வந்திருக்கா, காட்டுங்க" என்றார். ஒன்று இருந்தது. வாய்விட்டுப் படித்தார். உக்கிரபாண்டியின் முகம் ஒரு நொடி கறுத்தது. உடனே சிரிப்பு வந்துவிட்டது. "நேத்தே பாத்துட்டோம் சார். இன்னைக்கே நடவடிக்கை எடுத்துருவோம்." சதீஷ் திருப்தியாகத் தலையாட்டி, திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். முறை ஒழுங்காக வேலை செய்கிறது என்றார். அந்தச் சிரிப்பும் தலையாட்டலும் அருள்செல்விக்கு வாடையடித்தன. ஆனாலும் காரியம் நடந்தால் சரி என்று மூக்கைப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள், கூமாப்பட்டி பஸ் நிற்கிற இடத்தில் முனீஸ்வரியைப் பார்த்தாள். காலடியில் தகரப் பெட்டி, அதன் மேல் சுருட்டிய பாய்.

"லீவா முனீஸ்வரி?"

"கணக்கு முடிச்சு அனுப்பிட்டாகக்கா. புகார்ல பேரு, டோக்கன் நம்பரு எல்லாம் இருந்துச்சுல்ல. மேனேஜரு கூப்ட்டு விட்டு, ஒனக்கு இங்க தண்ணி ஒத்துக்கலன்னா வீட்டுத் தண்ணியக் குடின்னாரு."

பெயரும் டோக்கன் நம்பரும் எழுதாமல் ஃபார்ம் போகாதபடி செய்தவள் அருள்செல்விதான். அரைகுறையாக நிரப்பி அனுப்பினால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று, யாரும் கேட்காமலேயே செய்தது. அவள் சொல்லித்தான் இந்தப் பெண் எழுதினாள். எத்தனையோ பேர் எழுதியும் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்த பக்கம் அது.

"ஒங்க வீட்ல..." என்று தொடங்கினாள்.

"வீட்ல என்ன, ரெண்டு நாளைக்கு வைவாக. பொறவு களையெடுக்கப் போகச் சொல்லுவாக." முனீஸ்வரி பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. அருள்செல்வி குனிந்து பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கிப் படியில் வைத்தார்கள்.

"தொட்டியக் கழுவிட்டாகக்கா, ஒங்களுக்குத் தெரியுமா? மூடியும் போட்டுட்டாகளாம். தண்ணி நல்லாருக்குன்னு பிள்ளைக போன் போட்டுச் சொல்லுதுக." படியேறி நின்று திரும்பினாள். "இம்புட்டு நாளும் சும்மா நன்றி சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்க சொன்னீகள்ல, அதே மாதிரி இந்தத் தடவ வேல செஞ்சிருச்சுக்கா."

அவள் குரலில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் அருள்செல்விக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.