சுமித்திரா பார்த்த பெட்டி

மாங்குளம் சந்தியில் உள்ள யோகநாதனின் கடையில் எந்தக் கதிரையைத் திருப்பினாலும், அடியில் ஏதோவோர் அரச அலுவலகத்தின் இலக்கம் வெள்ளைப் பெயின்ரில் இருக்கும். கழித்த தளபாடம், பிடிபட்ட சைக்கிள் என்று வன்னியில் எங்கே ஏலம் நடந்தாலும் அவர் முன்னால் நிற்பார். "யோகண்ணை, இதைக் கேக்கலாமோ?" என்று விசாரித்துவிட்டுத்தான் சனம் கை உயர்த்தும்.

கனகராயன்குளத்துச் சுமித்திரா ஏலத்துக்கு வரத் தொடங்கியபின் அந்தக் கேள்வி அவளிடம் போய்விட்டது. அவள் எடுத்த பழைய நீர்ப்பம்பி முதல் இழுவையிலேயே வேலை செய்ததாம். அதைக் கேள்விப்பட்ட அன்று யோகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் நீதிமன்ற வளவில் ஏலம். அவர் சாமான்களைப் பார்க்கவில்லை, சுமித்திராவையே பார்த்துக்கொண்டிருந்தார். களவாய் மணல் ஏற்றிப் பிடிபட்ட, உழவு இயந்திரம் இழுத்துச் செல்லும் சக்கரப் பெட்டி ஒன்றின் பின்னால் அவள் நெடுநேரம் நின்றாள், பலகையைத் தடவினாள். அதில் ஏதோ இருக்கிறது என்று அவர் முடிவுகட்டினார்.

சுமித்திரா விலை கேட்டாள். வேறொருவரும் வாய் திறக்கவில்லை. யோகநாதன் கூட்டிக் கேட்டார். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள், இன்னும் கூட்டினாள். அவர் விடவில்லை. பெட்டி அவருக்கே விழுந்தது.

"என்ன வேலை பாத்தனீங்கள் அண்ணை?" என்றார் பக்கத்தில் நின்ற வியாபாரி ஹமீட். "அது அவவின்ர தம்பியின்ர பெட்டி. பறிகொடுத்த வீட்டுக்காரர் கேட்டா மேல கேக்கக்கூடாதெண்டு எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தானே!"

"எனக்கு ஆர் சொன்னது?"

"பின்பலகையில தர்ஷன் எண்டு பெரிசா எழுதிக் கிடக்கு. நீங்கள் பெட்டியைப் பாத்தனீங்களோ, அவவைப் பாத்தனீங்களோ?"

அதே விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனாலும் போய்க் காசைக் கட்டினார்.

வாங்கியதை அன்றே வெளியேற்ற வேண்டும். பெட்டியின் சக்கரங்களில் காற்றில்லை. ஒருவர் சாமானை மற்றவர்கள் சேர்ந்து தள்ளுவதுதான் வழக்கம். அன்று ஒருவரும் அசையவில்லை. யோகநாதன் தனியே முக்கிக்கொண்டு நின்றார்.

"தம்பியவை, ஒருக்கா வாங்கோ," என்று சுமித்திரா கூப்பிட்டாள். "உது வழியில நிண்டா நான் எடுத்த அலுமாரியளைக் கொண்டுபோகேலாது."

வளவே திரண்டு வந்தது. ஒரே மூச்சில் பெட்டி வாசலைத் தாண்டிற்று. ஒரு சொல்லுக்கு இத்தனை பேர்! யோகநாதனுக்கு நெஞ்சு எரிந்தது.

பெட்டியை இழுத்துப்போகக் கயிறு கட்டிக்கொண்டே, சுமித்திராவின் அலுமாரிகளில் வைத்த கண்ணை எடுக்காமல் ஹமீட்டின் பக்கம் சாய்ந்தார்.

"அவா அடுத்த ஏலத்துக்கு எங்க போறாவாம்?"