சாமித் தட்டில் ஒரு நீர்மட்டம்

எனக்குக் கோபம் வந்தால் எங்கள் வீட்டில் அது முதலில் பாத்திரங்களுக்குத்தான் தெரியவரும். அன்றைக்குச் சட்டி மூடி ஒன்று குசினித் தரையில் மூன்று சுற்றுச் சுற்றி விழுந்தது. காரணம், பதினாலு வயது மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்த ஒரு தாள்.

எட்டாம் வகுப்பிலிருந்து விரும்பிய பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு நாள் வேலைத்தலத்துக்கும் போகலாமாம். டேனிஷ், கணிதம், ஆங்கிலம் எல்லாம் வழக்கம்போல நடக்குமாம். புதனும் வியாழனும் தொழில் பழகுவார்களாம். சரி, கேட்க நன்றாகத்தான் இருந்தது. என்ன தொழில் என்று விசாரித்தேன். மகள் டேனிஷில் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"மேசனோ!" என்றேன். "பொம்பிளைப் பிள்ளை, சுவர் கட்டுற மேசன் வேலையோ பழகப் போறாய்?"

மூடி விழுந்தது அப்போதுதான்.

அவளுக்குப் படிப்பு ஓடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் திங்கட்கிழமை வந்தால் வயிற்றுக்குத்தும் வந்துவிடும். கணிதத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாஸ்டரைப் பிடித்து சூமில் ரியூசன் வைத்தேன். அவர் அங்கே தொண்டை கிழியக் கத்துவார், இவள் இங்கே கமராவை நிறுத்திவிட்டுப் பாண் தின்பாள். ஏழாம் வகுப்பு முழுக்க இவள் பார்த்துக்கொண்டிருந்தது கரும்பலகையை அல்ல, ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த ஆட்களை. இது பிறகுதான் எனக்குத் தெரியும்.

நானோ டென்மார்க்கில் இக்காஸ்ட் என்கிற எங்கள் ஊரில் இருக்கிற தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருக்கு, மகள் மருந்தியல் படிக்கப் போகிறாள் என்று சொல்லிவைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னதுதான். வாய் சும்மா இருந்தால்தானே!

வகுப்பாசிரியையிடம் போய் ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டேன்: பிறகு இவள் விரும்பினால் ஜிம்னாசியம் என்கிற மேல்வகுப்புக்குப் போகலாமா? அதற்குரிய பாடங்களைச் சேர்த்து எழுதினால் போகலாம் என்று அந்த மனுசி நாலு முறையும் முகம் சுளிக்காமல் சொன்னார். என் கணவர் பக்கத்தில் இருந்து தலையாட்டினார். அவர் ஹெர்னிங்கில் ஒரு தொழிற்சாலையில் யந்திரத்தோடு வேலை செய்கிறவர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஒக்டோபரில் வரும் இலையுதிர்கால விடுமுறை வரை போய்ப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் தொடர்வதென்றால் பெற்றோர் இன்னொரு தாளில் கையெழுத்து வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் போனில் விரலை வைத்தால் போதும் என்கிற இந்த நாட்டில் இந்தத் தாளுக்கு மட்டும் பேனை கேட்டார்கள். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.

"நான் கையெழுத்து வைக்காட்டி, பழையபடி அஞ்சு நாளும் வகுப்புத்தான். விளங்குதோ?"

"ஓம்," என்றாள். அப்போதெல்லாம் அவள் எனக்குத் தமிழில் பதில் சொல்வதே அபூர்வம். அதிலேயே எனக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும்.

போகத் தொடங்கினாள். அவளுக்கு வேலை பழக்கியவள் முப்பது வயதுகூட இல்லாத ஒரு டேனிஷ்காரி. கையில் பச்சை குத்தியிருப்பாள், வானொலியோடு சேர்ந்து கத்திப் பாடுவாள் என்று மகள் வீட்டில் வந்து கதைகதையாகச் சொன்னாள். வீட்டில் கதைக்கிறாள் என்பதே புதினம். வயிற்றுக்குத்து எங்கே போனதென்று தெரியவில்லை. புதன்கிழமை விடிய ஆறு மணிக்கு நான் எழுப்பாமலே எழும்பினாள்.

ஒருநாள் அந்த டேனிஷ்காரி பழகிப் பார்க்கச் சொல்லித் தன் நீர்மட்டத்தைக் கொடுத்துவிட்டாள். மஞ்சள் நிறம், ஒரு மீற்றருக்கு மேல் நீளம், நடுவில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி. அவ்வளவுதான், எங்கள் வீட்டுக்கு நிம்மதி போய்விட்டது. படம் கோணல், கட்டில் கோணல், குசினி மேசை கோணல். சுவரில் பலகை அடித்துச் செய்த சாமித் தட்டிலும் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, பிள்ளையார் சரிஞ்சு நிக்கிறார். ரெண்டு மில்லிமீற்றர்."

"அவர் இருவது வருசமா அப்பிடித்தான் நிக்கிறார். நீ உன்ர வேலையைப் பார்!"

கணவர் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

வெளியில்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்துகிற அக்கா ஒருவர் இருக்கிறார். ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் அவருக்குத் தெரியாமல் போகாது. "மகள் இப்ப ரெண்டு நாள் வேற எங்கையோ போறாளாமே?" என்று அவர் கேட்டபோது என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "ஓம் அக்கா, கட்டடம் சம்பந்தமா ஏதோ டிசைன் படிக்கிறாள்." பக்கத்தில் நின்ற மகள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்தாள். நான் அதைக் கண்டும் காணாத மாதிரி நின்றேன்.

நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் எட்டாம் நாள் பின்னேரம் புத்தகங்களைச் சாமித் தட்டில் வைத்துவிட்டால், விஜயதசமி விடிய பூசை செய்து எடுக்கும்வரை அவற்றை ஒருவரும் தொடக்கூடாது. மகள் கணிதப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். மற்றக் கையில் நீர்மட்டம்.

"சீமெந்து ஒட்டின சாமானை ஆரும் சரஸ்வதிக்கு முன்னால வைப்பினமோ? கொண்டுபோ அங்கால!" என்று சீறினேன்.

அவள் நீர்மட்டத்தைச் சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் சாத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். வாய்க்கு வாய் காட்டியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் கத்த வசதியாக இருந்திருக்கும். அவள் பேசாமல் போனது என்னவோ செய்தது. போய் அதை எடுத்தேன். மூலைகளில் ஒட்டியிருந்த சீமெந்தை ஊறவைத்துத் தேய்த்து, துடைத்து, மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, தட்டில் படங்களுக்குப் பின்னால் நீட்டி வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு என் கௌரவம் விடவில்லை.

அதனால் வந்த வினை மறுநாள் புதன்கிழமை. பூசைக்காக நான் முதியோர் இல்லத்து வேலையில் லீவு எடுத்து, வடை சுட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு மகள் போன் எடுத்தாள். குரல் அழுகிற மாதிரி இருந்தது. சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் நீர்மட்டத்தைக் காணாமல், அப்பா அதை டேனிஷ்காரியின் வான் வண்டிக்குள் ஏற்றிவிட்டார் என்று நினைத்து விடிய ஓடிப்போயிருக்கிறாள். அங்கே அது இல்லை. மற்ற நீளமான நீர்மட்டம் வேறு வேலைத்தலத்தில் இருக்கிறது. அது இல்லாமல் நிலத்துக்குச் சீமெந்து போட முடியாது. "துலைச்சுப்போட்டன் அம்மா," என்றாள்.

விஜயதசமிக்கு முதல் அதைத் தட்டிலிருந்து எடுக்கலாமா? கணவருக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சரும், சாமி கோவிக்காது. மேசன்தான் கோவிக்கும். கெதியாக் கொண்டுபோம்," என்றார் தலையாட்டுகிற மனுசன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்தேன். சேலையோடு காரில் ஏறி, முன்சீற்றில் வடைப் பெட்டியும், பின்சீற்றிலிருந்து என் தோள்வரை நீர்மட்டமுமாக, மகள் அனுப்பிய விலாசத்துக்குப் போனேன். ஊர் எல்லையில் ஒரு பழைய செங்கல் வீடு. மணியை அடித்தேன். கதவைத் திறந்தது தமிழ் வகுப்பு அக்கா.

அந்த வீட்டை வாங்கி இரண்டு மாதம்தானாம். அது எனக்கு எப்படித் தெரியும்? குங்குமம் வைத்த நீர்மட்டத்தைத் தோளில் சாத்திக்கொண்டு, டிசைன் படிக்கிற பிள்ளையின் தாய் வாசலில் நிற்கிறேன்.

"உள்ளுக்கு வாரும்," என்றார் அக்கா, ஒன்றுமே நடக்காத மாதிரி.

குளியலறையில் மகள் முழங்காலில் இருந்தாள். தலைமுடியில் சீமெந்துத் தூள். நீர்மட்டத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு குங்குமத்தைக் கண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களோ வைச்சனீங்கள்?" என்றாள். டேனிஷ்காரிக்கு முன்னால், தமிழில்.

டேனிஷ்காரி அது என்ன சிவப்பு என்று கேட்டாள். எங்களுக்குச் சோறு போடுகிற சாமான்களுக்கு வருசத்தில் ஒருநாள் ஓய்வு கொடுத்துக் கும்பிடுவோம் என்றேன். நல்ல வழக்கம், அன்றைக்கு மேசனுக்கும் ஓய்வு உண்டா என்று கேட்டு, ஒரு வடையை இரண்டு வாயில் முடித்தாள். குங்குமத்தை அவள் துடைக்கவில்லை.

மகள் எனக்கு வேலையைக் காட்டினாள். சுவரோரம் ஒரு பக்கம் அறுபது சென்ரிமீற்றர், மற்றப் பக்கம் எண்பது அளந்து, குறுக்கே நூறு வந்தால் மூலை சரியாம். யாழ்ப்பாணத்து மாஸ்டர் மூன்று வாரம் கத்தியும் ஏறாத அதே செங்கோண முக்கோணக் கணக்கு! எனக்கு வாய் திறந்தபடி நின்றது. பிறகு முழங்கால் உயரத்தில் நின்ற ஒரு தண்ணீர்க் குழாயைக் காட்டினாள்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "வாளியில அள்ளி ஊத்தினால்தான் எனக்குக் குளிச்ச மாதிரி. அதை அந்தப் பிள்ளைக்கு நான் டேனிஷில எப்பிடி விளங்கப்படுத்துறது? உம்மட மகள்தான் போன கிழமை எல்லாம் சொன்னவள். பைப் பதிவா இருக்க வேணும், வாளி வைக்கிற இடத்திலயிருந்து நிலம் சரிய வேணும், எவ்வளவு சரிய வேணுமெண்டு கணக்கும் போட்டுக் காட்டினவள். கெட்டிக்காரி!"

"அக்கா, ஒரு கிழமையா இஞ்ச வேலை செய்யிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லேல்லையே?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். "அவள்தான் முதல்நாளே கேட்டவள். 'அன்ரி, அம்மாவுக்கு வெக்கம். நீங்கள் தெரியாத மாதிரியே இருங்கோ' எண்டு."

நான் காருக்குள் வந்து இருந்து அழுதேன். என் பிள்ளையின் வேலையைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். அவளோ என் வெட்கத்தை மற்றவர் காணாமல் மூடிவைத்திருக்கிறாள். அழுது முடிய, மிச்சமிருந்த வடை ஒன்றைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வியாழன் விஜயதசமி. விடிய ஐந்தரைக்கு விளக்கேற்றினோம். மகள் வேலை உடுப்போடு நின்றாள். முதல்நாள் பின்னேரம் திரும்பிவந்த நீர்மட்டம் மறுபடி தட்டில் இருந்தது, கணிதப் புத்தகத்துக்குப் பக்கத்தில். தீபம் காட்டியபிறகு அவரவர் வைத்ததை எடுத்துக் கொஞ்சமேனும் தொடங்கவேண்டும். கணவர் தேவாரப் புத்தகத்தில் ஒரு பாட்டுப் படித்தார். மகள் ஒரு கணக்குச் செய்தாள். நான் வழக்கமாக அரிசியில் 'அ' எழுதுவேன். இந்த முறை குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து தாளை எடுத்துவந்து, தட்டின் ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். விரலில் இருந்த சந்தனமும் சேர்ந்து ஒட்டிவிட்டது.

மகள் தாளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு பாய்ந்து கட்டிப்பிடித்தாள். வேலை உடுப்புத் தூள் முழுக்க என் சேலையில்.

"விடடி, சேலை!" என்று கத்திக்கொண்டே நானும் பிடித்துக்கொண்டேன். அப்படியே ஒரு கையால் போனை எடுத்து அக்காவை எழுப்பினேன்.

"அக்கா, ஒரு விசயம் சொல்ல வேணும். என்ர மகள் மேசன் வேலை பழகுறாள்."

மறுபக்கம் அக்கா ஒரு கொட்டாவி விட்டார். பிறகு நித்திரைக் குரலில், முழு ஆச்சரியத்தோடு சொன்னார்:

"அப்பிடியோ பிள்ளை! எனக்கு இப்பதான் தெரியும்."