ஐயர் அளந்த சாண்

எங்கள் வீட்டு முருகன் சிலையை இப்போது அவர்தான் துலக்குகிறார். என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் குசினிக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து, பழப்புளியைக் கரைத்து, மயில் தோகையின் இடுக்குகளுக்குள் ஈர்க்கை விட்டுக் கிண்டிக்கொண்டிருப்பார். சரியாகத் துலங்காது. நான் கதிரையில் இருந்து பார்ப்பேன், ஒன்றும் சொல்லமாட்டேன். பதினெட்டு வருடம் நான் செய்த வேலை அது. எனக்குப் போதும்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன வருடம் அந்தச் சிலை வந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் டொக்யார்ட் களஞ்சியத்தில் வேலை. அங்கே இவருக்கு மேலே இருந்த ஒருவர் இந்தியாவுக்குத் திரும்பிப் போகும்போது, கனமான சாமானைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏற மனமில்லாமல் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பித்தளை முருகன். மயிலில் சாய்ந்து நிற்பார். வலது கை அஞ்சாதே என்று விரிந்திருக்கும். இடது கையில் கழற்றி மாட்டுகிற சின்ன வேல். மயிலின் காலடியில் பாம்பு. வேல் என்றால் அகலமும் ஆழமும் கூர்மையும் உள்ள அறிவு, மயில் என்றால் அடங்கிப்போன ஆணவம் என்று கோயில் பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு அவையெல்லாம் அழுக்குச் சேருகிற இடங்கள்.

சாமியறையில் வைப்பதற்கு முன் ஐயரைக் கூப்பிட்டோம். அவர் குள்ளமான மனிதர், கையும் சின்னக் கை. பீடத்தின் அடியில் பெருவிரலை ஊன்றிச் சின்னவிரலை மேலே நீட்டி அளந்தார். முருகனின் முடி அவருடைய விரலைத் தாண்டி இரண்டு விரற்கடை நின்றது.

“சாணுக்கு மேலே நிக்குது. இது வீட்டில வைக்கிற அளவில்லை. வைச்சால் நாள் தவறாமல் சோறு பொங்கிப் படைக்கவேணும். ஒரு நாளும் பட்டினி போடக்கூடாது” என்றார்.

கோயிலுக்கே கொடுத்துவிடுவோம் என்று நான் சொன்னேன். “தேடி வந்த தெய்வத்தை ஆரும் திருப்பி அனுப்புவினமோ?” என்றார் இவர். ஐயர் தட்சிணையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் மாட்டிக்கொண்டேன்.

கடற்காற்றுக்குப் பித்தளை இரண்டு நாள் தாங்காது, பச்சை பூத்துவிடும். இவர் ஒருமுறை டொக்யார்ட்டிலிருந்து கப்பல் பித்தளைக்குப் பூசுகிற பொலிஷ் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். பூசினால் பளபளத்தது உண்மைதான், ஆனால் மூன்று நாளைக்குச் சாமியறையில் மண்ணெண்ணெய் மணம் அடித்தது. அதைத் தூர வைத்துவிட்டுப் பழையபடி புளிக்குத் திரும்பினேன். புளி, பிறகு அரித்தெடுத்த சாம்பல், பிறகு தண்ணீர், பிறகு ஈரம் கொஞ்சமும் நிற்காமல் பழைய வேட்டித் துண்டால் துடைப்பது. முகத்தை அழுத்தித் தேய்க்கக்கூடாது, மூக்கும் கண்ணும் மழுங்கிவிடும். அதனால் முகத்தை மட்டும் பெருவிரலால், குழந்தைக்குக் கண்ணீர் துடைக்கிற மாதிரி. சந்தனம், குங்குமம், செவ்வரத்தம் பூ. அதன் பிறகு சோறு.

பெரும் புயல் குசினிக் கூரையைக் கொண்டுபோன அன்றும் ஒரு தகரத்துக்குக் கீழே குந்தியிருந்து ஈரவிறகில் பொங்கினேன். அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் நாங்கள் இருவரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு முருகனுக்கு ஒரு பிடி அரிசி போட்டோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. “முருகன்தானே உன்ர பிள்ளை” என்று பக்கத்து வீட்டுக்காரி ஆறுதல் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளை என்றால் வளர்ந்து தன் தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடிக்காதா?

இவையெல்லாம் பரவாயில்லை. அம்மாவிடம் போய் ஒரு இரவு நிற்க முடியாமல் போனதுதான் எனக்குத் தீராத குறை. அம்மா குச்சவெளியில் தம்பியின் வீட்டில் இருந்தா. கல்யாணமான முதல் வருடம் போய்ப் பன்னிரண்டு நாள் நின்றேன். சிலை வந்த பிறகு காலையில் படையலை முடித்துவிட்டு பஸ் ஏறினால், நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். விடிந்தால் மறுநாள் சோறு.

மாதத்தில் நான் சாமியறைக்குப் போகமுடியாத நாட்களில் இவரே வாழைப்பழமும் பாலும் வைப்பார். “அப்ப நான் அம்மாட்டைப் போற நாளிலயும் அதை வைக்கலாம்தானே?” என்று கேட்டேன்.

“அது வேற, இது வேற. வீட்டுப் பெண் வீட்டில இருக்கவேணும்” என்றார்.

நானும் நம்பினேன். சாமி விஷயத்தில் ஆர் வாதாடுவது?

அம்மாவுக்குக் கடைசியாக நெஞ்சில் சளி கட்டியபோது போனேன். கஞ்சி பருக்கினேன். நாலு மணியாகப் போகிற நேரம் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டா.

“இண்டைக்கு நில்லன் பிள்ளை.”

“ஏலாது அம்மா. விடிய முருகனுக்குப் பொங்கவேணும். நாளைக்குப் பொங்கிப்போட்டு முதல் பஸ்ஸில வாறன்.”

“ஓம், ஓம். அதுவும் சரிதான்” என்று கையை விட்டா. மறுநாள் நான் சோற்றை இறக்கிக்கொண்டிருக்கும்போது, முதல் பஸ்ஸில் வந்த தம்பி வாசலில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து வேல் தொலைந்தது. துலக்கும்போது வாளித் தண்ணீரோடு போயிருக்கவேண்டும். சிலையைத் துணியில் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் பக்கத்துப் பித்தளைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கிண்ணியாவிலிருந்து தினமும் தோணித்துறை கடந்து வருகிற முஸ்லிம் பெரியவர். துணியை அவிழ்த்ததும், “நான் தொட்டுப் பார்க்கலாமா தங்கச்சி?” என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார். வேல் ஒன்றைத் தேடி எடுத்துப் பொருத்தினார்.

“சின்னதாப் பார்த்து அண்டைக்கே வேற வாங்கியிருக்கலாம். இது சாணுக்கு மேலே. இதால நான் படுற பாடு கொஞ்சநஞ்சமில்லை” என்றேன்.

“ஆர்ட சாணுக்கு?”

“ஐயர்ட சாணுக்கு.”

அவர் சிரித்தார். “ஐயர்ட கை எதுக்குத் தங்கச்சி? வீட்டுக்காரர்ட சாணாலதான் அளக்கிறது. உங்கட ஆக்கள் இஞ்ச வரக்குள்ள அவர்ர சாணுக்கு ஒரு ஈர்க்கை முறிச்சுக்கொண்டுதான் வருவாங்க. நான் நாப்பது வருஷமா அதை வச்சுத்தான் சிலை காட்டுறன்.”

ஒரு ஈர்க்கை எடுத்து, சிலையின் உயரத்துக்கு முறித்து என் கையில் தந்தார். நான் வாங்கப்போனது வேல். பிரசங்கக்காரர் சொன்ன அறிவு, ஈர்க்காக வந்தது.

பின்னேரம் இவர் வேலையால் வந்து கதிரையில் இருந்ததும் ஈர்க்கை மேசையில் வைத்தேன். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். “ஒருக்கா உங்கட கையை வையுங்கோ பாப்பம்.”

இவருக்குக் கயிறும் சங்கிலியும் தூக்கிப் பழகிய பெரிய கை. அந்தக் கையை மடியை விட்டு எடுக்கவில்லை.

“தேவையில்லை. எனக்குத் தெரியும்” என்றார்.

“எப்ப தெரியும்?”

“ஐயர் போன அண்டைக்கே அளந்து பாத்தனான். என்ர சாணுக்குள்ளதான் நிண்டது.”

ஏன் என்று நான் கேட்குமுன் அவரே சொன்னார்: “நீர் அங்க போனால் கிழமைக்கணக்கில நிப்பீர். முதல் வருஷம் பன்னிரண்டு நாள் வீடு வெறிச்சுப்போய்க் கிடந்தது. எனக்கு அது ஏலாமல் இருந்தது. ஒரு வருஷம் போகட்டும், சொல்லுவம் எண்டு நினைச்சன். பிறகு எப்பிடிச் சொல்லுறது?”

அன்பால்தான் செய்தாராம். இருக்கலாம். அந்த அன்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மறுநாள் காலையில் நான் பொங்கவில்லை. அரிசிச் சுளகையும் புளிப் பானையையும் அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, இரண்டு சேலையைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ் ஏறினேன். முருகனில் எனக்குக் கோபம் இல்லை. அவர் எதையும் கேட்கவில்லையே.

குச்சவெளியில் தம்பி மனைவி மத்தியானச் சாப்பாடு போட்டாள். மூன்றரை ஆனதும் வழக்கம்போல என் செருப்பை எடுத்து வாசலில் நேராக வைத்தாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு மச்சாள்.”

“நான் நிக்கிறன்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அலுமாரியைக் கிளறினாள். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு பாய்கூட இருக்கவில்லை. கடைசியில் அம்மாவின் தலையணையைத் தட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். “வேற இல்லை மச்சாள்” என்றாள்.

நாலு மணி பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்தது. கால் தன்பாட்டில் எழுந்துவிட்டது. பஸ் போகிற சத்தம் ஓய்ந்த பிறகு, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு நாள் நின்றேன். நில் என்று கேட்டவ மட்டும் அங்கே இல்லை.